அடிபட்ட சிறகியின் முதல் 48 மணி நேரம்: காவிரிப் படுகையின் வனத்துறை, கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குப் போகும் சாலையில், வடுவூர் ஏரிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் நெல் சாகுபடி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், பொழுது சாய்ந்தபின் எங்கள் கொல்லையில் நின்றாலே சீழ்க்கைச் சிறகிகள் என்னும் காட்டு வாத்துகள் கூட்டமாக எழுந்து வயல்பக்கம் போகும் ஒலி கேட்கும். இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு விடியும் முன் அவை ஏரிக்குத் திரும்பிவிடும். ஏரிக்கரை வரைதான் சரணாலயம்; பறவையின் இரவோ எங்கள் வரப்புகளிலும் வாய்க்கால்களிலும் கழிகிறது. ஆகவே மின்கம்பியில் மோதியோ, வலையில் சிக்கியோ, நாய் கடித்தோ அடிபடும் பறவை உங்களிடம் வருவதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்களின் கைக்குத்தான் வந்து சேர்கிறது.

இம்மடலின் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயம்பட்ட நீர்ப்பறவை ஒன்று ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால் முதல் இரண்டு நாள்களில் அவ்வீட்டார் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஊர்தோறும் எழுதி ஒட்டுங்கள். ஒப்படைக்கும் இடமாக அந்தந்த ஊருக்கு அருகிலுள்ள மாட்டாஸ்பத்திரியையே ஆக்குங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தென்னைகளெல்லாம் சாய்ந்து கிடந்த அந்தக் காலையில் மாட்டுக்கொட்டகையின் மூலையில் ஒரு சிறகி ஒடுங்கிக் கிடந்தது. உடலில் காயம் எதுவும் தெரியவில்லை. களைத்துப்போய்க் கழுத்தைத் தூக்க முடியாமல் இருந்தது. கைக்குழந்தைக்குச் செய்வதைப் போலவே பறவைக்கும் செய்யலாம் என்று நினைத்து, பாலாடையை எடுத்து, நீராகாரத்தைச் சிறிது சிறிதாக அதன் வாயில் ஊற்றினேன். இரண்டாவது பாலாடையின்போது அது உடம்பைச் சிலிர்த்தது. மூக்கு வழியே நீர் குமிழாக வந்தது. சிறிது நேரத்தில் கழுத்து தொய்ந்துவிட்டது. புயலுக்குத் தப்பி வந்த பறவை என் கையில் இறந்தது.

பறவையின் நாக்குக்குச் சற்றுப் பின்னால், கீழ்வாயிலேயே, ஒரு சிறு பிளவு இருக்கிறது. அதுதான் மூச்சுக்குழலின் வாய். நமக்கு இருப்பதுபோல் அதை மூடிக்காக்கும் மடல் பறவைக்குக் கிடையாது. வலுவிழந்த பறவையின் வாயில் நாம் ஊற்றும் நீர் இரைப்பைக்குப் போகாமல் அந்தப் பிளவு வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். இதைப் பின்னாளில் ஒரு கால்நடை மருத்துவர் எனக்கு விளக்கிச் சொன்னார். பாலாடை இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. துடிக்கும் உயிரின் வாயில் நீர் ஊற்றுவது தருமம் என்றுதான் நாங்கள் வளர்க்கப்பட்டிருக்கிறோம். பறவையின் வாயில் நீர் ஊற்றாதே என்ற அந்த ஒரு வரியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும் என்று இன்றளவும் நினைக்கிறேன்.

கடந்த தை மாதம் இரண்டாவது பறவை வந்தது. அறுவடைக்கு வந்த பெண் ஒருத்தி விடியற்காலையில் ஓடிவந்து, "அத்தாச்சி, மீன் குட்டை வலையில ஒரு தாரா மாட்டிக்கிட்டு அடிச்சிக்கிட்டுக் கெடக்கு" என்றாள். பண்ணைக்குட்டையில் மீனைக் கொக்கு கொத்தாமலிருக்கக் கட்டிய நைலான் வலை அது. செம்பழுப்பு உடல், சாம்பல் அலகு, கண்ணைச் சுற்றி மஞ்சள் நூலால் வரைந்ததுபோல் ஒரு மெல்லிய வளையம்: அதுவும் சீழ்க்கைச் சிறகிதான். வலது இறக்கையின் மடிப்பில் நைலான் இழை தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. இழையைப் பறவையிலிருந்து உருவாமல், வலையைச் சுற்றிலும் கத்தரித்து, இழையோடு சேர்த்தே பறவையைத் தூக்கினேன். உள்ளே பதிந்த இழையை இழுத்தால் நரம்பும் தசையும் சேர்ந்து கிழியும்.

பழைய துணியை அதன்மேல் போர்த்தி, இரண்டு இறக்கைகளும் உடலோடு ஒட்டியிருக்குமாறு பிடித்தேன்; நெஞ்சை அழுத்தவில்லை. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். அன்பு மிகுதியால் இறுக அணைத்துக்கொள்ளும் பிள்ளைகளின் கையிலேயே பறவைகள் மூச்சுத் திணறிச் சாவது இதனால்தான். மளிகைக் கடையிலிருந்து வாங்கிவந்த அட்டைப்பெட்டியில் காற்றுக்குத் துளையிட்டு, அடியில் மடித்த பருத்தித் துண்டு விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத பின்கட்டில் வைத்தேன். இருட்டும் அமைதியும்தான் அதற்கு முதல் மருந்து. காட்டுப் பறவைக்கு மனித முகம் வேட்டைக்காரனின் முகம். நாம் கொஞ்சினாலும் அது அஞ்சி நடுங்கும், அந்த நடுக்கமே அதைக் கொன்றுவிடவும் கூடும்.

வைக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எதற்கும் வைக்கோல்தான். ஆனால் மழை ஈரம் பட்டுப் பூத்துப்போன வைக்கோலில் இருக்கும் பூஞ்சைத் துகள் பறவையின் நுரையீரலிலும் அதோடு இணைந்த காற்றுப்பைகளிலும் வேர்பிடித்துவிடும். நீர்ப்பறவைகள் இந்நோய்க்கு எளிதில் ஆளாகின்றன. வெறும் சிமெண்டுத் தரையும் ஆகாது. நீரில் மிதந்தே பழகிய உடல், கடினமான தரையில் நாள்கணக்கில் உட்கார்ந்தால் நெஞ்செலும்பின் மேலும் பாதத்தின் அடியிலும் புண் கண்டுவிடும். சுத்தமான துணியை மடித்துப் போட்டு, நனைந்தவுடன் மாற்றுவதே நல்லது.

உணவிலும் இப்படித்தான். ரொட்டி, பிஸ்கட், பால் சோறு ஆகியவற்றை நாங்கள் பரிவோடு கொடுக்கிறோம்; அவை எதுவும் சிறகிக்கு ஆகாது. பறவை தெளிந்து தலையை நிமிர்த்தி உட்கார்ந்த பிறகே, அகலமான தட்டில் அதன் அலகும் மூக்குத்துளையும் முழுகும் அளவுக்கு நீர் வைத்து, அதில் ஊறவைத்த நெல்லையும் வாய்க்காலில் அள்ளிய பாசியையும் போட வேண்டும். நீர் இல்லாமல் வாத்தினத்தால் சரியாக விழுங்க முடியாது. நான் வைத்த தட்டைப் பகல் முழுக்க அது திரும்பிப் பார்க்கவேயில்லை. இரவு விளக்கை அணைத்தபின், கதவுக்கு இந்தப்புறம் நின்று கேட்டேன். சளக் சளக்கென்று நீரைச் சலிக்கும் ஒலி வந்தது. இரவில் மேயும் பறவை அது என்பதை நினைவில் கொள்ளாததால் பகலெல்லாம் வீணாகக் கவலைப்பட்டிருந்தேன்.

வீட்டில் நாட்டுக்கோழிகளும் இருக்கின்றன. அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் ஓட்டிவந்த மந்தையும் மேய்ந்துகொண்டிருந்தது. காட்டுப் பறவையை இவற்றோடு ஒருபோதும் சேர்த்து வைக்கக்கூடாது. பறவைக் காய்ச்சல் முதலான நோய்கள் இரு பக்கமும் பரவக்கூடியவை. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடாமல் உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நஞ்சு கலந்த நெல்லைத் தூவிப் பறவை பிடிக்கும் கொடுமை இங்கே இன்னும் அற்றுப்போகவில்லை. ஆகவே அப்படிக் கிடக்கும் பறவையைத் தூக்கிச் சமைப்பது சமைத்தவர் உயிருக்கும் ஆபத்து.

இனி, வீட்டார் எல்லோரும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாத செய்திக்கு வருகிறேன். பெட்டியைப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணி, "வூட்டுல வச்சிருந்தா கேசு போட்டுடுவாங்க, கொண்டுபோய்ப் பொதருல வுட்டுடு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. 2023-இல் உத்தரப் பிரதேசத்தில், அடிபட்ட சாரசக் கொக்கை எடுத்து வளர்த்தவர் மீது வழக்குப் பதிவான செய்தி எங்கள் ஊர்க் கைப்பேசிகளிலும் சுற்றியது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறகியைப் பிடிப்பதும் அடைத்து வளர்ப்பதும் குற்றம் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். காட்டுப் பறவை வீட்டுப் பறவையாகிவிடக் கூடாது. ஆனால் அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, இத்தகைய உயிரினம் கைக்கு வந்தவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று வழியும் சொல்கிறது. குற்றத்தைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த 48 மணி நேரத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. அதன் விளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: அச்சப்பட்டவர் பறவையைப் புதரில் விட்டுவிடுகிறார், இரவே நாய் கவ்விக்கொண்டு போகிறது, அச்சப்படாதவர் வீட்டில் அது குழம்பாகிவிடுகிறது. காப்பாற்ற நினைத்தவர்தான் அச்சட்டத்தைக் கண்டு மிகுதியும் நடுங்குகிறார்.

என் பறவைக்காக அன்று நான் அலைந்த அலைச்சலை விரித்துச் சொல்ல விரும்பவில்லை. ஓரிடத்தில் காட்டுப் பறவையைத் தொட எங்களுக்கு உரிமை இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில் வண்டி வரும்வரை வைத்திருங்கள் என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர், தம் பணிநேரம் முடிந்தபின், தம் மனச்சாட்சியை நம்பி அந்த இழையை எடுத்தார். உப்புநீர் விட்டு நனைத்து, சிறு கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தபோது, பறவை ஒருமுறைகூடக் கத்தவில்லை. அதன் நெஞ்சு மட்டும் துணிக்கடியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எலும்பு முறியவில்லை என்றார். முறிந்திருந்தால் நாமாகக் கட்டுப்போடக் கூடாது என்றும், இறக்கையில் உடலை ஒட்டியுள்ள மேற்கை எலும்பின் உட்குழிவு காற்றுப்பையோடு இணைந்திருப்பதால் அங்குள்ள திறந்த புண்ணில் மருந்துநீரை ஊற்றுவதும் மூச்சுக்கு ஆபத்து என்றும், கட்டு நெடுநாள் இருந்தால் மூட்டு இறுகிப் பறக்க முடியாமலே போகும் என்றும் விளக்கினார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டத் தயாராக இருந்தார். மாட்டுக்குக் கட்டிப் பழகிய கை அது.

ஐந்தாம் நாள் வண்டி வந்தது. அதற்குள் பறவை எழுந்து நடந்தது. ஆனால் இறகு நீரில் நனையத் தொடங்கியிருந்தது. வாலடியில் இருக்கும் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து இறகெங்கும் தடவிக்கொள்ளும் பறவை, குளிக்க நீரின்றி அழுக்கோடு பெட்டியில் கிடந்தால் அப்பழக்கம் குலைந்து, இறகு நீரை உள்ளே விட்டுவிடும். அந்நிலையில் அதை ஏரியில் விட்டால் குளிரில் விறைத்தோ மூழ்கியோ போகும். காயம் ஆறிவிட்டது, ஆகவே விட்டுவிடலாம் என்று ஒரு வீட்டார் தாமாக முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். வீட்டில் வைத்துப் பார்ப்பது இரண்டு நாளைக்குரிய காரியம். அதற்குமேல் பயிற்சி பெற்றவர் கையும், குளமும், கூண்டும் வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படுகைக்கு நடுவிலேயே இருக்கிறது. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது. உலகம் மதிக்கும் மூன்று நீர்நிலைகளைச் சுற்றி வாழும் நாங்கள், அடிபட்ட பறவையை ஒரத்தநாட்டுக் கல்லூரியில் சேர்க்க வழிசெய்யும் ஓர் ஆணையை இரு துறைகளும் கூடி வெளியிட வேண்டுகிறோம். மாட்டாஸ்பத்திரி மருத்துவர் முதலுதவி செய்து பறவையைப் பெற்றுக்கொள்ளவும், 1962 என்ற எண்ணில் அழைத்தால் மாட்டுக்கு வரும் மருத்துவ ஊர்தியே பறவையையும் ஏற்றிச் செல்லவும் அதில் இடம் வேண்டும். கொண்டுவந்து கொடுப்பவருக்கு நாள், நேரம், பறவை, கிடைத்த இடம் ஆகியவற்றோடு கையெழுத்திட்ட ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். அந்தச் சீட்டு ஒன்றே ஊரின் அச்சத்தைப் போக்கிவிடும். பின்னர் அப்பறவை பிழைத்ததா, எங்கே விடப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால், அடுத்த முறை அந்த வீட்டார் தயங்கவே மாட்டார்கள். ஐந்தாம் நாள் போன சிறகியைப் பற்றி என் பேரன் இன்றும் கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை.

அறிவிப்புத் தாளை ஊராட்சி அலுவலகத்தில் மட்டும் ஒட்டினால் போதாது. ரேஷன் கடையிலும், நெல் கொள்முதல் நிலையத்திலும், பால் சொசைட்டியிலும் ஒட்டுங்கள். அங்கேதான் நாங்கள் காத்துக் கிடக்கிறோம், அங்கேதான் சுவரைப் படிக்க எங்களுக்கு நேரம் இருக்கிறது. அதில் இன்னும் இரண்டு செய்திகள் இடம்பெற வேண்டும். சிறகிகளும் மற்ற வாத்தினங்களும் இறகு உதிர்க்கும் பருவத்தில் பறக்கும் இறகுகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் இழந்து சில வாரங்கள் பறக்க முடியாமல் இருக்கும். அது காயமன்று, அதைப் பிடிக்கக் கூடாது. தாயோடு வரப்பில் போகும் குஞ்சுகளை அநாதை என்று எண்ணி வீட்டுக்கு எடுத்துவரவும் கூடாது. சின்னஞ்சிறு குஞ்சு, முதலில் பார்த்துப் பழகிய உருவத்தையே தாயாக எண்ணிப் பின்தொடரும், பிறகு அதற்குத் தன் இனம் தெரியாமல் போய்விடும்.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, மழையும் பிடித்தால், சிறகிகள் மரப்பொந்துகளிலும் நீரோரப் புதர்களிலும் முட்டையிடத் தொடங்கும். குஞ்சுகள் வயலுக்கு இறங்கும் முன்பாக அத்தாள்கள் ஒட்டப்பட்டுவிட வேண்டும். எழுதித் தருவதற்கு ஆள் வேண்டுமென்றால், எங்கள் பேச்சுவழக்கில் எளிமையாக எழுதித் தர நான் வருகிறேன்; மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்தித் தந்தால் போதும். எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரிலும் ஒன்று ஒட்டிக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
வடுவூர் ஏரிக்கு அருகே வசிக்கும் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்