முதலில் தோட்டாவை முடிவு செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தரைப்படைக்கு வரும் புதிய துப்பாக்கிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எந்த நாட்டுத் தயாரிப்பு, என்ன விலை என்றெல்லாம் விரிவாக இருந்தது. அவற்றில் போடும் தோட்டாவைப் பற்றி ஒரே ஒரு வரி. இருபத்து நான்கு வருடம் காலாட்படையில் இருந்தவன், அதில் கடைசி ஆறு வருடம் அம்யூனிஷன் கணக்கைப் பார்த்தவன் நான். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது.

1986-இல் நான் சேர்ந்தபோது கையில் கொடுத்தது எஸ்.எல்.ஆர். ரைபிள். நல்ல கனம். ஆனால் அதற்கும் எல்.எம்.ஜி. என்ற இலகு மெஷின்கன்னுக்கும் பெல்ட்டில் ஓடும் எம்.எம்.ஜி. என்ற நடுத்தர மெஷின்கன்னுக்கும் ஒரே தோட்டா, 7.62×51. முதல் எண் குண்டின் பருமன், அடுத்தது கூட்டின் நீளம், இரண்டும் மி.மீ. கணக்கு. மேகசின் காலியானால் எம்.எம்.ஜி. பெல்ட்டிலிருந்து ரவுண்டுகளை உருவி நிரப்பிக்கொள்ளலாம். மேலே எந்தப் பெட்டி வந்து சேர்ந்தாலும் எல்லாருக்கும் உதவும்.

அப்புறம் 5.56×45 தோட்டா போடும், இங்கேயே செய்த இன்சாஸ் ரைபிள் வந்தது. காஷ்மீருக்காக வாங்கிய ஏ.கே. ரைபிள்களுக்கு 7.62×39. பள்ளத்தாக்கில் நான் இருந்த யூனிட்டில் ஒரு ராத்திரி, ஏ.கே. ரவுண்டு என்று நம்பிச் சுமந்து ஏற்றிய பெட்டிகளைத் திறந்தால் உள்ளே எம்.எம்.ஜி. ரவுண்டு. வயர்லெஸ்ஸில் "ஏழு அறுபத்திரண்டு" கேட்டோம், ஏழு அறுபத்திரண்டுதான் வந்தது. குண்டின் பருமன் ஏறக்குறைய ஒன்று. பித்தளைக் கூட்டின் நீளம் ஒன்றில் 39 மி.மீ., மற்றதில் 51. ஒன்றின் துப்பாக்கியில் மற்றது போகாது. அன்றைக்குச் சண்டை எதுவும் வரவில்லை. ஆனாலும் விடியும்வரை போஸ்டில் ஒருவரும் கண் மூடவில்லை.

இன்றைக்கும் அதே நிலைமைதான். 2019-இல் வாங்கிய 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கு 7.62×51. 2021 டிசம்பரில் ஒப்பந்தமான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே. 203-க்கு 7.62×39. இன்சாஸ் இன்னும் போகவில்லை. கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியையும் புதிதாக 5.56-இல்தான் கேட்டிருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. மூன்று வகைத் தோட்டாவையும் சேர்த்து மலை மேல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனிடம் யாராவது கேட்டார்களா?

எடையையும் பாருங்கள். 200 ரவுண்டு 5.56 சுமார் இரண்டரை கிலோ. அதே 200, 7.62×39 என்றால் மூன்றேகால் கிலோவுக்குப் பக்கம். 7.62×51 ஐந்து கிலோவைத் தொடும். தண்ணீர், ரேஷன், குளிர் உடுப்பு எல்லாம் இதற்கு மேல்.

எல்லையில் ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குச் சுட வேண்டும், அடிபட்டவன் எழுந்திருக்கக் கூடாது, அதற்குப் பெரிய தோட்டா வேண்டும் என்பார்கள். உண்மைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலையை மெஷின்கன்னும் குறிபார்த்துச் சுடத் தேர்ந்த ஒன்றிரண்டு பேரும் செய்யட்டும். அவர்களுக்கு 7.62×51 இருக்கட்டும். மற்ற ரைபிள்களுக்கும் கார்பைனுக்கும் 7.62×39 ஒன்றே போதும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலேயே அந்தத் தோட்டாவுக்கான ரைபிள் செய்கிறார்கள். 5.56-இல் இனிப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

வல்லரசுகளைப் பார்த்து முடிவெடுப்பதும் உதவாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிரிட்டன் நடுத்தரமான 7 மி.மீ. தோட்டா ஒன்றைத் தயாரித்து, 1951-இல் அதற்கான துப்பாக்கியையும் ஏற்றது. அமெரிக்கா பெரிய 7.62×51-தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. நேட்டோவும் அதற்கே போனது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்குள், வியட்நாம் காட்டில், அதே அமெரிக்கா தன் சிப்பாய் கையில் 5.56-ஐக் கொடுத்தது. 1980-இல் நேட்டோவும் அதை ஏற்றது. 2022-இல் அமெரிக்கத் தரைப்படை மறுபடி 6.8 மி.மீ.க்கு மாற முடிவெடுத்தது. அத்தனை முறை மாற்றிக்கொள்ள அவர்களுக்குப் பணம் இருக்கிறது.

இன்சாஸ் வந்த புதிதில் அதற்கான தோட்டா இங்கே போதாமல் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டி வந்தது. ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்து எந்தத் துப்பாக்கியைப் பற்றி எழுதினாலும், அதன் தோட்டா நம் தொழிற்சாலைகளில் வருடத்துக்கு எத்தனை தயாராகிறது, ஒரு சிப்பாய்க்குப் பயிற்சிக்கு எத்தனை ரவுண்டு கிடைக்கும் என்பதையும் அமைச்சகத்திடம் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்.