ஜாதிக்காய்ப் பொட்டலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் போனில் இரண்டு விஷயம் சொன்னாய். குளிருக்கு என்னதான் குடிக்கிறாய் என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், ஜாதிக்காயை அள்ளிப் போட்டுவிடாதே, மயக்கம் வரும் என்றும் சொன்னாய். அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இன்று ஞாயிறு. வெளியே பனி கொட்டுகிறது. ஓவனில் பாலும் அரிசியும் வைத்திருக்கிறேன், வேக இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்த இருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிரை நினைத்துத்தான் பயந்து வந்தேன். குளிருக்காவது கோட்டு இருக்கிறது, கம்பளிக் காலுறை இருக்கிறது. இருட்டுக்கு எதைப் போட்டுக்கொள்வது? வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மூன்றரை மணிக்கே தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிடும். முதல் குளிர்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் இரண்டு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவேன். அப்போது உன்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நீ தூங்கியிருக்க மாட்டாய். இந்த வருஷம் அப்படி இல்லை. அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

நவம்பரில் ஒருநாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது, நீ பெட்டியில் வைத்து அனுப்பிய பொட்டலம் கையில் பட்டது. பத்து ஜாதிக்காய், ஓட்டோடு. இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறது. வாசம் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், உள்ளே பருப்பு கடகடவென்று ஆடியது. ஓட்டை உடைத்து, சின்னத் துருவியில் நாலு முறை இழைத்தேன். அம்மா, அறை முழுக்க மணம்! இழைத்த இடத்தைப் பார்த்தால் வெளிர் பழுப்பில் கரும்பழுப்புக் கோடுகள் வேர் பிரிந்த மாதிரி ஓடுகின்றன. மணமுள்ள எண்ணெய் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறதாம். முழுக் காயாக இருக்கும்வரை அது உள்ளேயே பத்திரமாக இருக்கும், பொடித்துவிட்டால் சில மாதத்தில் பறந்துவிடும். பொடியாக வாங்கி அனுப்பாமல் காயாகவே வைத்தாயே, அதனால்தான் எனக்கு இந்தக் குளிர்காலம் கிடைத்தது.

அன்றைக்கு வெறும் பால்தான். ஒரு டம்ளர் பாலைச் சுடவைத்து, கொஞ்சம் சர்க்கரை போட்டு, அடுப்பை அணைத்தபிறகு மேலே இரண்டு இழை இழைத்தேன். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும், கசப்பும் தட்டும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே அதே இருட்டுதான். ஆனால் எழுந்து போய்ப் படுக்கத் தோன்றவில்லை.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். நீ சொன்னது சரிதான். ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. 5 கிராம் அளவுக்குப் போனாலே குமட்டல், படபடப்பு, வாய் உலர்தல், மனக்குழப்பம் எல்லாம் வரலாம். ஒரு முழுக் காயே ஏறக்குறைய அந்த எடைதான். ஒரு தேக்கரண்டித் தூள் சுமார் 2 கிராம். நான் ஒரு டம்ளருக்குப் போடுவது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. நவம்பரிலிருந்து இன்றுவரை, வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டும், இரண்டு காய்தான் தீர்ந்திருக்கிறது. அதனால் கவலைப்படாதே. பக்கத்து வீட்டு அம்மாள் தன் நாயோடு வந்தால் மட்டும் டம்ளரை உயரத்தில் வைத்துவிடுவேன், நாய்க்கு ஜாதிக்காய் ஆகாது.

முட்டைப் பால் என்று ஒன்று செய்கிறேன். குளிரில் நனைந்து வரும் நாளில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. முதல் தடவை கெட்டுப்போனது. பசி அவசரத்தில், கொதிக்கிற பாலில் முட்டைக் கருவை அப்படியே ஊற்றிவிட்டேன். ஒரே நொடியில் திரிதிரியாகத் திரண்டு, கீழே தண்ணீரும் மேலே முட்டைத் துணுக்குமாக நின்றது. அழுகை வந்துவிட்டது, அன்றைக்கு வேலையில் நடந்ததும் சேர்ந்துகொண்டது. மறுநாள் பொறுமையாகச் செய்தேன். இரண்டு மஞ்சள் கருவை ஒன்றரை மேசைக்கரண்டிச் சர்க்கரையோடு வெளுக்கும்வரை அடித்துக்கொள். 300 மில்லி பாலை ஆவி பறக்கும்வரை மட்டும் சுடவைத்து, ஒவ்வொரு கரண்டியாக முட்டையில் ஊற்றிக் கலக்கு. முட்டை அந்தச் சூட்டுக்குப் பழகியபிறகு மொத்தத்தையும் பாத்திரத்துக்கு மாற்றி, சின்னத் தீயில் கை விடாமல் கிளறு. கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நின்றால் பதம். கொதி மட்டும் வரக் கூடாது. பச்சை முட்டையால் வயிறு கெடுமே என்று கேட்பாய், அதற்காகவே ஒரு வெப்பமானி வாங்கி வைத்திருக்கிறேன். 71 டிகிரி தொட்டால் போதும். இறக்கி, வடிகட்டி, மேலே ஜாதிக்காய். முட்டையின் கவிச்சை அப்படியே அடங்கிவிடும்.

ஆப்பிள் சாறும் உண்டு. பட்டை, இரண்டு கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்குவது. அதில் ஜாதிக்காய்த் தூள் கரையாமல் அடியில் மண் மாதிரி தங்குகிறது, குடிக்கும்போது மேலே லேசாக இழைத்துக்கொண்டால் சரி. எனக்கு இதில் அவ்வளவு பிடிப்பில்லை. ஜாதிக்காய்க்குக் கொழுப்பு வேண்டும் அம்மா. அதன் மணம் எண்ணெயில்தான் இருக்கிறது, அந்த எண்ணெய் கொழுப்பில்தான் கரையும். பால், வெண்ணெய், முட்டைக் கரு இவற்றோடு அது அப்படி ஒட்டிக்கொள்வதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனிப்புக்கு மட்டும்தான் இது என்று இவ்வளவு நாள் இருந்தேன். இல்லவே இல்லை. உருளைக்கிழங்கை வேகவைத்து, சூட்டோடு மசித்து, வெண்ணெயும் சூடான பாலும் சேர்த்து, உப்பு, மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய் போட்டுப் பார். ஜாதிக்காய் இருப்பதே தெரியாது, ஆனால் போடாவிட்டால் ஏதோ குறைகிறது என்று நாக்கு சொல்லும். பசலைக்கீரைக்கு வெள்ளை சாஸ். 30 கிராம் வெண்ணெய் உருகியதும் 30 கிராம் மைதாவைப் போட்டு நிறம் மாறாமல் இரண்டு நிமிஷம் வறுத்து, அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறினால் வந்துவிடும். மாவு வாசனை போக வேண்டும், அதில் அவசரம் கூடாது. வதக்கிப் பிழிந்த கீரையை அதில் போட்டு, கடைசியில் ஜாதிக்காய். கீரையைத் தொடாத நான் வாரம் இரண்டு தடவை சாப்பிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லு.

இந்தக் காய் எங்கிருந்து வந்தது என்று ஒரு ராத்திரி படித்துக்கொண்டிருந்தேன். இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். பல நூற்றாண்டுகள் இந்த மரம் அந்தச் சின்னத் தீவுகளில் மட்டும்தான் வளர்ந்ததாம். அதற்காகவே 1621-இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி படையோடு போய் அந்தத் தீவுகளைப் பிடித்தது. அங்கே வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். 1667-இல் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பிரெடா ஊரில் உடன்பாடு செய்துகொண்டபோது, ரன் என்ற ஜாதிக்காய்த் தீவு டச்சுக்காரர் கையில் தங்கியது, இன்றைக்கு நியூயார்க் நகரின் நடுவில் இருக்கும் மன்ஹாட்டன் தீவு ஆங்கிலேயரிடம் தங்கியது. படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. சொந்தத் தீவையே இழந்தவர்கள் பெயர் தெரியாமல் போனார்கள், காய் மட்டும் உலகம் பூராவும் அடுப்படிக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு துணுக்குகூட வீணாக்குவதில்லை. துருவ முடியாத அளவுக்குச் சின்னதாகிவிட்ட துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன், பால் காய்ச்சும்போது ஒன்றைப் போட்டு எடுத்துவிடுவேன்.

ஓவனில் இருப்பதைப் பற்றி எழுதவே இல்லையே! 100 கிராம் குண்டு அரிசி, ஒரு லிட்டர் பால், 50 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு வெண்ணெய், மேலே தாராளமாக ஜாதிக்காய். 150 டிகிரியில் இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். அப்புறம் தொடக் கூடாது, மேலே ஏடு கட்டிப் பொன்னிறமாக ஆகட்டும். அந்த ஏட்டுக்காகத்தான் பக்கத்து வீட்டு அம்மாள் நாலு மணிக்கு வருகிறார். எழுபது வயதுக்கு மேல், தனியாக இருக்கிறார். போன வருஷம் இதே நாளில் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஜாதிபத்திரி கொஞ்சம் கொடுத்துவிடு. அதே பழத்தில் கொட்டையைச் சுற்றியிருக்கும் செந்நிற வலைதானே அது, முழு இதழாகப் போட்டு எடுத்துவிடலாம், சூப்புக்கு நன்றாக இருக்கும். காய் அனுப்ப வேண்டாம், இன்னும் எட்டு இருக்கிறது.

ஓவன் மணி அடிக்கிறது. கதவும் தட்டுகிறார்கள்.

அன்புடன்,
உன் மகள்