பாப்பா படம் வரையட்டும்

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனி படிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் முதலில் பிரித்தது உன் கடிதத்தைத்தான். அம்மா மறுபடி நடமாட ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பேரன் ஓடிப் பிடிக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

சரி, நீ பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் பாப்பா வேலையை விட்டுவிட்டுக் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரையப் போகிறாள், அதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர், அம்புலிமாமா என்ற சிறுவர் பத்திரிகையில் படம் வரைந்த நம் சங்கர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே நீயும் நானும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்த படங்கள் அவருடையவை. ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு, அதற்கு நடுவே அசராமல் நடக்கும் விக்கிரமன். அந்த ஒரு படத்துக்குப் பயந்து பக்கத்தைத் திருப்புவோம், அப்புறம் தைரியம் வந்து திரும்பவும் அதையே பார்ப்போம், நினைவிருக்கிறதா?

முழுப்பெயர் கே. சி. சிவசங்கரன். 1924-ல் தாராபுரம் பக்கம் காரத்தொழுவு கிராமத்தில் பிறந்து, சிறு வயதில் சென்னைக்கு வந்து, சிற்பி ராய் சௌத்ரி முதல்வராக இருந்தபோது அரசு ஓவியப் பள்ளியில் படித்தவர். 1946-ல் கலைமகள் பத்திரிகையில் சேர்ந்தார், ஐம்பதுகளின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தார். அதன்பின் முதுமை வரை அதற்கு வரைந்தார். 2020 செப்டம்பரில் 96 வயதில் காலமானார். பத்மஸ்ரீ அடுத்த வருஷம் அறிவித்தார்கள். அவர் இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும், அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அம்புலிமாமா 1947-ல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கி, பிறகு பல மொழிகளுக்குப் போனது. எழுத்துதான் மாறும், படம் மாறாது. சென்னை வடபழனியில் வரைந்த கிழவியை மராத்திக் குழந்தையும் ஒடியாக் குழந்தையும் பார்த்தவுடன் அவள் பொய் சொல்கிறாளா, அழுகிறாளா என்று புரிந்துகொள்ள வேண்டும். அதைப் புருவத்திலும் தோளின் சரிவிலும் விரல்களிலும் கொண்டுவந்துவிடுவார் சங்கர். பழைய இதழ் கிடைத்தால் கூட்டக் காட்சி ஒன்றை எடுத்துப் பார், பின்வரிசையில் நிற்பவனுக்கும் ஒரு முகம் இருக்கும்.

பாப்பாவின் காலம் வேறு. அப்போது பத்திரிகை ஓவியர் என்றால் பெரும்பாலும் மாதச் சம்பளம், படத்தின் மூலையில் சின்னதாக ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இப்போது அட்டையிலேயே எழுத்தாளர் பெயரோடு ஓவியர் பெயரும் வருகிறது. போபாலில் இரவுக் காவலாளியாகவும் எலெக்ட்ரீஷியனாகவும் வேலை பார்த்த கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாமின் லண்டன் பயணப் படங்களை நம் சென்னைப் பதிப்பகம் தாரா புக்ஸ் 2004-ல் புத்தகமாகப் போட்டது. அந்தப் புத்தகமே அவருடையது என்றுதான் உலகம் அறிந்தது. 2018-ல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் வேலை லேசானது இல்லை, அதை அவளிடம் மறைக்காதே. படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், ஏனென்றால் அச்சுத் தாளை மடித்தால் எட்டு எட்டாகத்தான் பக்கம் சேரும். அதற்குள் கதை தொடங்கி முடிய வேண்டும். முதல் பக்கத்துப் பூனையும் கடைசிப் பக்கத்துப் பூனையும் ஒரே பூனையாக இருக்க வேண்டும், எந்தக் கோணத்தில் வரைந்தாலும். விரித்த பக்கங்களின் நடுமடிப்பில் யாருடைய முகமும் மாட்டிக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, கதையில் எழுதியிருப்பதையே திரும்ப வரையாமல் எழுதாத ஒன்றைப் படத்தில் சேர்ப்பது. "ராமு தூங்கினான்" என்று வரி இருந்தால், கட்டிலுக்கு அடியில் விழித்திருக்கும் நாயை வரைகிறவள்தான் ஓவியர். பாப்பா அனுப்பியிருந்த மழைப் படத்தில் அது இருக்கிறது. குடைக்குள் இருக்கும் பிள்ளையைவிட, நனையாமல் இருக்கக் குடை ஓரத்தில் ஒட்டி நடக்கும் கோழிக்குஞ்சுதான் என் கண்ணில் முதலில் பட்டது. உன் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

பணம் என்று பார்த்தால் தொடக்கத்தில் இழுபறிதான். பள்ளிப் பாடநூல், விளம்பரம், வாழ்த்து அட்டை என்று பக்கத்தில் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லாதே, ஒப்பந்தத்தில் மட்டும் கவனமாக இருக்கச் சொல். மொத்தமாக ஒரு தொகையா, விற்பனையில் பங்காக ராயல்டியா, ஒரிஜினல் ஓவியம் யாருக்கு, வேற்றுமொழிப் பதிப்புக்குத் தனிப் பணம் உண்டா, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு உரிமை கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம் என்றுதான் நம் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் காலம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளை முதலில் பார்க்கச் சொல்.

முதல் ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. மைத்துனர் வக்கீல், அவரிடம் காட்டிவிட்டு உடனே பதில் போடுகிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்