‘இல்லத்தரசிகளுக்கு’ என்று ஏன் போட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பத்து யோசனைகள் வந்திருந்தன. தலைப்பிலேயே ‘இல்லத்தரசிகளுக்கு’ என்று போட்டிருந்தீர்கள். ஐப்பசிக்கு முன்னால் என்றால் நானும் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போயிருப்பேன். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தேன்.

ஐப்பசி மழையில் வாசல்படியில் வழுக்கி விழுந்து என் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. 6 வாரம் மாவுக்கட்டு. கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள் இரண்டு நாள் இருந்தாள், பேரனுக்குப் பள்ளிக்கூடம் என்று கிளம்பிவிட்டாள். பேருந்து நடத்துநராக 31 வருடம் ஓடி ஓய்வு பெற்ற என் கைக்கு வீடு வந்தது.

கூட்டுவதும் துடைப்பதும் என்ன பெரிய வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சோறு பொங்கி அடுப்பில் வழிந்த கஞ்சியைச் சூடு ஆறியதும் துடைத்திருந்தால், ஈரத்துணியால் ஒரே இழுப்பு. நான் ஒரு வாரம் விட்டுவைத்தேன். பர்னரைச் சுற்றி அப்பளம் மாதிரி காய்ந்து, கரண்டிக் காம்பால் நெம்பினால் சில்லுச் சில்லாகத்தான் பெயர்ந்தது. பஸ்ஸில் இது எனக்குப் பழகிய விஷயம். அந்தந்த ஸ்டேஜில் கணக்கை முடிக்காமல், டிப்போவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கைக்காசைத்தான் போட வேண்டும். அதை அடுப்படிக்குக் கொண்டுவர எனக்கு 64 வயதாகியிருக்கிறது.

அடுப்பாவது பரவாயில்லை. நான் மாட்டிக்கொண்டது தண்ணீரில்.

எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். பின்கட்டில் இரண்டு பிளாஸ்டிக் டிரம் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது, டிரம்மில் மிச்சமிருப்பதை வாசலுக்கும் செடிக்கும் ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் உள்பக்கம் முழுக்கத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பது மனைவியின் வழக்கம். பாதி உடம்பு டிரம்முக்குள் போயிருக்கும். குளிக்கத் துவைக்கப் பிடிக்கிற தண்ணீருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். என் ஆட்சியில் பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீர். மூடியும் அரைகுறையாகத்தான் கிடந்தது.

மூன்றாவது வாரம் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண் வந்தார். டிரம்முக்குள் டார்ச் அடித்தவர், “ஐயா, இங்க வந்து பாருங்க” என்றார். வெளிச்சம் பட்டதும் நூல் நூலாக நெளிந்து அடியை நோக்கி ஓடுகின்றன புழுக்கள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. சரி, இப்போதே கொட்டிவிடுகிறேன் என்று டிரம்மைச் சாய்க்கப் போனேன்.

“கொட்டினா மட்டும் போதாதுய்யா. முட்டை தண்ணிக்குக் கொஞ்சம் மேல, ஓரத்துல ஒட்டியிருக்கும். காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது. திரும்பத் தண்ணி பட்டா பொரிச்சிரும். தேய்ச்சுத்தான் ஆகணும்” என்றார். முட்டை கொசுவாக 8 முதல் 10 நாள் ஆகுமாம். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு இப்படித்தான், அதுவும் பகலில் கடிக்கும். ஏடிஸ் என்ற பெயர் என் மனைவிக்குத் தெரியாது. அவள் தேய்த்ததெல்லாம் பாசி படியக் கூடாது என்றுதான். ஆனால் வெள்ளிக்கு வெள்ளி ஏழே நாள், கொசுவுக்கு அவகாசமே இல்லை.

அந்தப் பெண் விடவில்லை. ஃப்ரிட்ஜை இழுக்கச் சொன்னார். பின்னால் அடியில், கசியும் தண்ணீர் வடிந்து சேர ஒரு தட்டு இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்து ஒன்பது வருடம், அப்படி ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதிலும் நாலைந்து நெளிந்தன. மனைவி கட்டுக் கையோடு நின்றுகொண்டு, “அதை மாசத்துல நாலு தடவை எடுத்து ஊத்துவேனே” என்றாள். என்னிடம் சொல்லவில்லையே என்று கேட்டேன். நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்றாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பத்து யோசனைகளில் எலுமிச்சைத் தோலும் சமையல் சோடாவும் இருந்தனவே தவிர, இது இல்லை. கழிப்பறையில் ஆசிட் ஊற்றிய கையோடு, இன்னும் நன்றாக வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் தூவினேன். குபுகுபுவென்று நுரைத்து நெடி கிளம்பியது. கண் எரிந்து, மூச்சை இழுக்க முடியாமல் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய கழிப்பறையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். பாட்டிலில் போட்டிருக்கிற எச்சரிக்கை, கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவுக்குப் பொடி எழுத்து.

அதனால்தான் அந்தத் தலைப்பு எனக்கு உறுத்துகிறது. எந்த நாளில் எதைத் தேய்ப்பது, எதை எதோடு கலக்கக் கூடாது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் கை முறிந்த மூன்றாம் வாரம் டிரம்மில் புழு. அடுத்த முறை ‘வீட்டில் இருப்பவர்களுக்கு’ என்று போட்டால், என்னைப் போன்ற நாலு பேர் பக்கத்தைப் புரட்டாமல் படிப்பார்கள்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனாலும் டிரம்மும் ஃப்ரிட்ஜ் தட்டும் இப்போது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை தேய்த்து முடித்ததும் மனைவி வந்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறாள். போன வாரம் அடி வளைவில் வழுவழுப்பு இருக்கிறது என்று மறுபடியும் தேய்க்கச் சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
பாளையங்கோட்டை.