லேசர் அளந்தது கொடியையா, மரத்தையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃபில் தூரம் பார்க்கும் கருவிகள் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, லேசரில் பிழை ஒரு யார்டு, ஜிபிஎஸ்ஸில் நாலைந்து யார்டு, ஆகவே லேசரே மேல் என்று முடித்திருந்தது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் ஆட்டத்தில் வரும் பெரிய தவறுகள் அந்த எண்களுக்குள் அடங்குவதில்லை.

லேசர் கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு யார்டு தூரம் போய்வர ஒளிக்கு ஏறக்குறைய 6 நானோவினாடி ஆகும். அந்த அளவைத் துல்லியமாகப் பிடிக்கும் கடிகாரம் உள்ளே இருக்கிறது, அதில் குறையில்லை. சிக்கல் இலக்கில்தான். 150 யார்டு தள்ளி, குழியில் நிற்கும் கொடிக்கம்பு விரல் தடிமன்தான். அவ்வளவு தூரம் போவதற்குள் கற்றை ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்கு விரிந்துவிடும். கம்பில் படுவது கொஞ்சம். மீதி தாண்டிப் போய், பின்னால் நிற்கும் மரத்தில் பட்டு, இன்னும் பலமாகத் திரும்பி வரும். கொடி 148-இல் நிற்க, திரையில் 171 என்று விழும். கருவி பொய் சொல்லவில்லை, மரத்தை ஒரு யார்டுக்குள் சரியாகவே அளந்திருக்கிறது! அதை நம்பி இரண்டு கிளப் கூட்டி, அதாவது இன்னும் தூரம் போகும் மட்டையை எடுத்து அடித்தவர், பந்தை கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை) பின்னால் தேட வேண்டியதுதான்.

இதற்காகத்தான் கொடியைப் பிடித்ததும் அதிர்கிற கருவிகள் வந்தன. பின்புலத்தை விட்டு முன்னால் இருக்கும் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்பதே அந்த அதிர்வின் பொருள். முன்னால் இருப்பது கொடியா, குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையா என்பது அதற்குத் தெரியாது. கையாளும் முறை எளிதுதான். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, பாதி மூச்சை விட்டு நிறுத்தி, பொத்தானை அழுத்தியபடியே கொடித்துணியின் மேல் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்த வேண்டும். கம்பைவிடத் துணிதான் அகலம். மூன்று முறை பார்த்து, திரும்பத் திரும்ப வரும் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டுமென்றே பின்னாலிருக்கும் மரத்தை ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக வந்தால் முதலில் அளந்ததும் மரம்தான். ஐந்து விநாடி வேலை, பலர் செய்வதில்லை.

மழையிலும் மூடுபனியிலும் எதிர்த் தவறு நடக்கும். அருகிலிருக்கும் நீர்த்துளிகளே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் எண் நம்ப முடியாத அளவு சிறிதாக வரும், அல்லது ஒன்றுமே வராது. லென்ஸைத் துடைக்க ஒரு காய்ந்த துணி பையில் இருக்கட்டும். கண்வில்லையில் உள்ள வளையத்தைத் திருப்பித் தங்கள் பார்வைக்கு ஏற்ப வைக்காமலேயே, படம் மங்கல் என்று கருவியைக் குறை சொல்பவர்களும் உண்டு.

இனி ஜிபிஎஸ். கைக்கடிகாரமோ கைக்கருவியோ, கிரீனின் முன் விளிம்பு, நடு, பின் விளிம்பு என்று மூன்று எண்களைத் தரும். கொடி இன்று எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. குழியின் இடம் நாளுக்கு நாள் மாறும். கிரீனின் ஆழம் 30 யார்டு என்றால் முன் கொடிக்கும் பின் கொடிக்கும் இரண்டு, மூன்று கிளப் வித்தியாசம். கட்டுரை இதைச் சொன்னது, சரிதான். சொல்லாமல் விட்டது, அந்த மூன்று எண்களும் பார்வை மறைந்த இடத்திலிருந்தும் கிடைக்கும் என்பது. மேட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் கிரீன், வளைந்து போகும் ஹோலில் (முதல் அடி அடிக்கும் இடமான டீ தொடங்கிக் குழி வரை உள்ள தடம்) திருப்பம் வரை உள்ள தூரம், பங்கரை (மணல் பள்ளம்) தாண்டப் பந்து எவ்வளவு பறக்க வேண்டும் என்பன லேசருக்கு எட்டாதவை. லேசர் பங்கரின் முன் உதட்டை அளக்கும். தாண்டிப் போய் விழ வேண்டிய புல்லை அளக்காது.

ஜிபிஎஸ் பிழையின் குணமும் வேறு. அது மெல்ல மெல்லத்தான் நகரும். ஒரே இடத்தில் ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுத்தாலும் அதே பிழைதான் ஐந்து முறை வரும். அடர்ந்த மரங்களின் கீழ் செயற்கைக்கோள் அலை இலைகளிலும் தண்டுகளிலும் பட்டுச் சுற்றி வருவதால் பிழை கூடும். இரண்டு அலைவரிசைகளில் இயங்கும் கருவிகள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. மைதான வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் முதல் டீக்குப் போவதற்குச் சில நிமிடங்கள் முன்பே திறந்த வெளியில் கருவியை இயக்கிவிட வேண்டும். கிரீனைத் திருத்தி அமைத்த பிறகும் பழைய வரைபடமே இருந்தால் எண் நிரந்தரமாகத் தப்பும். பக்கத்து ஹோலின் கிரீன் அருகில் இருந்தால் கருவி தானாக அந்த ஹோலுக்கு மாறிவிடுவதும் உண்டு. மேலே இருக்கும் ஹோல் எண்ணை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். யார்டா மீட்டரா என்பதும் முக்கியம். 150 மீட்டர் என்பது 164 யார்டு.

சரி, எதை வாங்குவது? 7 அயர்ன் என்ற மட்டையால் நன்றாக அடித்த பந்து ஒன்று 150 யார்டு போகிறது, அடுத்தது 135-இல் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவருக்குக் கொடியின் தூரம் ஒரு யார்டு சுத்தமாகத் தெரிந்து ஆவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது முன் விளிம்பும் பின் விளிம்பும். தயங்காமல் ஜிபிஎஸ் கடிகாரம். ஒவ்வொரு கிளப்பும் ஐந்தாறு யார்டுக்குள் அடங்கி வருபவர், வெட்ஜ் என்ற குறுந்தூர மட்டையில் 85-க்கும் 92-க்கும் வேறு வேறு வீச்சு வைத்திருப்பவர் லேசர் வாங்கலாம். கை நடுங்குபவர்கள் கடையில் ஆறு மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு கம்பத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

கட்டுரையில் திருத்த வேண்டியது சரிவுக் கணக்கு, அதாவது சில கருவிகள் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து எவ்வளவு தூரத்துக்கு அடிக்க வேண்டும் என்று காட்டும் வசதி. 150 யார்டில் 4 டிகிரி ஏற்றம் என்றால் இலக்கு சுமார் 10 யார்டு உயரத்தில் இருக்கிறது. கிடைமட்ட தூரம் அரை யார்டுகூடக் குறையாது. அப்படியானால் கருவி ஏன் 160 என்று காட்டுகிறது? பந்து ஏறக்குறைய 45 டிகிரியில் இறங்கும்போது, உயர்ந்த தரை அதைப் பத்து யார்டு முன்னதாகவே பிடித்துவிடுகிறது. செங்குத்தாக இறங்கும் வெட்ஜுக்கு இந்தக் கூட்டல் குறையும். தாழ்வாக வரும் நீண்ட அடிக்குக் கூடும். ‘ஏற்றத்தில் தூரம் நீள்கிறது’ என்று கட்டுரை தந்த விளக்கம் தவறு.

அதோடு, போட்டியில் இந்தச் சரிவு வசதியைப் பயன்படுத்தக் கூடாது. 2019-இல் வந்த கோல்ஃப் விதிகளின்படி தூரம் அளக்கும் கருவிக்கு இயல்பாகவே அனுமதி உண்டு. வேண்டாம் என்றால் போட்டிக் குழு உள்ளூர் விதி போட்டுத் தடுக்கலாம். ஏற்ற இறக்கத்தை அளப்பது விதி 4.3-இன் கீழ் மீறல்: முதல் முறை ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், மேட்ச் பிளேயில் (ஹோல் ஹோலாக வெற்றியை எண்ணும் ஆட்டம்) அந்த ஹோல் போய்விடும், மறுபடி மீறினால் தகுதி நீக்கம். அந்த வசதி உள்ள கருவியை வைத்திருப்பதில் தவறில்லை, அணைத்திருந்தால் போதும். லேசரில் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு விசை இருக்கும். கடிகாரங்களில் அது மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். முதல் டீக்குப் போகும் முன்பே தேடி அணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்