பிள்ளைகளைப் பேச விடுங்கள்: சீனாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் ஏஜென்சிக்காரர்களுக்கும், அவர்களுக்காகச் சீன மொழி வகுப்பு எடுப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவரின் வகுப்பில் போன வாரம் எடுத்த வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் எழுந்து நின்று சீனத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். நடுவில் ஒரு சொல்லின் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், பிசகுகிறது. ஆசிரியர் அதே பிசகோடு, அவள் குரலிலேயே, சொல்லிக் காட்டுகிறார். வகுப்பே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள், வேறு என்ன செய்வாள்? அதற்குப் பின்னணி இசை போட்டு, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளை ஒட்டி, 'எங்கள் ஜாலியான வகுப்பறை' என்று விளம்பரமும் ஆக்கியாயிற்று.

அந்தப் பெண் எனக்கு உறவு முறை. அந்த வீடியோவுக்குப் பிறகு வீட்டில் ஆள் இருந்தால் அவள் சீனத்தில் வாய் திறப்பதில்லை. வயலில் பம்புசெட் ஓடும் நேரம் பார்த்து, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று பழகுகிறாளாம். தண்ணீர் கொட்டும் சத்தத்தில் யார் காதிலும் விழாது அல்லவா? மோட்டார் நின்றால் இவளும் நிறுத்திவிடுகிறாள். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று அவள் அப்பா பார்க்கிறாரோ இல்லையோ, இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அத்தை போனில் சொன்னார். இத்தனைக்கும் உங்கள் மாதிரித் தேர்வுகளில் அவள்தான் முதல் மதிப்பெண்.

அதனால் கேட்கிறேன். உங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தினமும் பேச வேண்டும். பேசும்போது யாரும் சிரிக்கக் கூடாது. செல்போன் கேமரா உள்ளே வரவே கூடாது. இவ்வளவுதான் கோரிக்கை.

நானும் அங்கே படித்துவிட்டு வந்தவன். 'பாடம் முழுக்க ஆங்கிலத்தில்' என்று நீங்கள் நோட்டீஸில் போடுவது பொய் இல்லை. வகுப்பறையில் ஆங்கிலம்தான். வார்டில் சீனம். நோயாளி என்ன ஆங்கிலம் படித்துவிட்டா காய்ச்சலில் வந்து படுப்பார்? தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி 54 மாதப் படிப்போடு 12 மாத இன்டர்ன்ஷிப்பையும் படித்த இடத்திலேயே முடிக்க வேண்டும். எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் நான்காம் நிலை வரை சீனம் கற்காமல் முடியாது என்று பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகமும் 2022இல் சொல்லிவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

தெரிந்துதான் அந்தத் தேர்வைப் பிடித்துக்கொண்டீர்கள். நான்காம் நிலையில் 100 கேள்விகள். கேட்டல் 45, வாசிப்பு 40, எழுத்து 15. 300க்கு 180 எடுத்தால் தேர்ச்சி. அந்தத் தாளில் வாய் திறந்து சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. பேச்சுக்கு எச்எஸ்கேகே என்று தனித் தேர்வு இருக்கிறது. ஆகவே எந்த விடையை எப்படி ஊகிப்பது என்று சொல்லிக்கொடுத்து, சான்றிதழைக் கையில் கொடுத்து, விமானம் ஏற்றிவிடுகிறீர்கள். ஊமையாகப் போய் இறங்குகிறார்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். படுக்கையைச் சுற்றி நாங்கள், பாகிஸ்தான், வங்கதேசப் பிள்ளைகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். 'யாராவது கேளுங்கள்' என்பார். அத்தனை தலையும் கேஸ் ஷீட்டுக்குள் புதைந்துவிடும். கேள்வி எல்லோருக்கும் மனப்பாடம். எங்கே வலி, எத்தனை நாளாக, சாப்பிட முடிகிறதா, அவ்வளவுதான். தொண்டையை விட்டு வராது. அப்படி ஒரு நாள் எங்கள் குழுவில் மதிப்பெண் குறைந்த பையன் ஒருவன், தொனியெல்லாம் தாறுமாறாக, தன் வயிற்றில் கை வைத்துக் காட்டிக் கேட்டான். படுத்திருந்த பாட்டி அந்தச் சொல்லை ஒரு தடவை திருத்திச் சொன்னார். அவன் திருப்பிச் சொன்னான். அப்புறம் பாட்டி தன் வயிற்றுவலிக் கதையை வட்டாரப் பேச்சில் மளமளவென்று கொட்ட ஆரம்பித்தார். நர்ஸ் பொதுச் சீனத்தில் எடுத்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

சீனத்துக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. நாலு தொனி, குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் பாதிச் சொல் இருக்கிறது. தமிழில் பயந்து நடுங்கிப் பேசினாலும் சொல் மாறாது. அங்கே பயத்தில் குரல் தட்டையானால் சொல்லே வேறாகிவிடும். ஒரு தடவை சிரித்தால் அடுத்த தடவை அவள் தப்பு செய்வது உறுதி. அதற்கும் சிரிப்பீர்கள்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸும் இன்னும் இருவரும் 1986இலேயே பிறமொழி வகுப்பறைப் பயத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நான் பேசினால் மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என்ற பயம் அதில் ஒரு வாக்கியமாகவே இருக்கிறது. அவர்கள் அளந்து பார்த்த பயத்தை நீங்கள் இசை சேர்த்து விற்கிறீர்கள்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லைதான். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு, வங்கி மேலாளரிடம் ஒரு வாக்கியம் பேசக் கூசுகிற ஊர் நம் ஊர். மேடையேறினால் மைக்கை விடமாட்டோம்; ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறிப் பேசினால் மட்டும் நமக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த சிரிப்பை நீங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தொடர்கிறீர்கள். சீனப் பெருஞ்சுவர் படத்தோடு 'எங்கள் மாணவர்கள் சரளமாகச் சீனம் பேசுவார்கள்' என்று பேருந்து நிலையத்தில் பிளெக்ஸ் வேறு. யாரிடம் பேசுவார்கள், பம்புசெட்டிடமா?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். பணிவாகவே கேட்கிறேன். மூன்று மா நிலத்தை விற்றோ அடகு வைத்தோதான் பலரும் உங்களிடம் பணம் கட்டுகிறார்கள். பதிலுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் கொஞ்ச நேரமாவது பேச வாய்ப்புக் கொடுங்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி என்று பேச விடுங்கள். தப்பு வந்தால் நடுவில் வெட்டாமல், முடித்த பிறகு பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். எச்எஸ்கேகே இடைநிலைத் தேர்வில் முதல் பத்துக் கேள்வியும் கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான். அந்தப் பயிற்சியில் தொடங்கினால் கூச்சமுள்ள பிள்ளைகூட வாய் திறக்கும். இதற்குத் தனிக் கட்டணம் என்று நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள், ஐயா.

செப்டம்பரில் அடுத்த பேட்ச் கிளம்புகிறது. வகுப்பை மாற்றி அமைக்க உங்களுக்கு நாளாகலாம். அந்த வீடியோவை நீக்க ஒரு நிமிடம் போதும். தயவுசெய்து இன்றைக்கே நீக்கிவிடுங்கள். நீக்கிவிட்டதாக அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய, கும்பகோணம் பக்கத்துக்காரன் ஒருவன்