எல்லாமே 'மட்டமான' அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் 'ஷாடி' (shoddy), 'டாட்ரி' (tawdry), 'பெட்டி' (petty; நம் மரப்பெட்டி அல்ல) ஆகிய மூன்று சொற்களையும் 'மட்டமான' என்றே மொழிபெயர்க்கிறார்கள். ஷாடி முதலில் ஒரு துணிச்சரக்கு. இங்கிலாந்தின் பாட்லியில் 1813 வாக்கில் பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்து இழையாக்கி, கொஞ்சம் புதுக் கம்பளி சேர்த்து மறுபடி நூற்றார்கள். கிழிபடும்போது இழை குட்டையாகிவிடும்; நூலில் பிடிப்பு இருக்காது. பார்வைக்குப் புதுசு, உடுத்தினால் சீக்கிரம் நைந்துவிடும். ஆகவே 'ஒப்பேற்றிய வேலை' என்பதே பொருத்தம். டாட்ரி, ஈலி நகரின் புனித ஆட்ரி சந்தையில் விற்ற, கழுத்தில் கட்டும் லேஸ் நாடாவிலிருந்து வந்தது; அது பின்னாளில் பகட்டான மலிவுச் சரக்காகக் கருதப்பட்டது. 'பகட்டு' இல்லாமல் அதன் பொருள் வராது. பெட்டிக்கு 'அற்ப' போதும். 'சீப்' (cheap) என்ற சொல் சிலசமயம் விலையோடு தரத்தையும் இடித்துரைக்கும். விலை மட்டும் குறைவென்றால் 'மலிவு' என்றே எழுதலாம்.

— ஒரு மொழிபெயர்ப்பாளர், கோவை